சனவரிக்காகக் காத்திருந்த வலி

அக்டோபர் பிறந்ததும் எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் பேச்சு மாறிவிடும். வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத சுவிஸ்காரர்கள், அடுத்த வருட மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று நின்று விசாரிப்பார்கள். இங்கே காப்பீடு ஆளுக்கு ஆள் தனி. எனக்கு ஒரு கடிதம், என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு கடிதம்.

வந்த புதிதில், பிரீமியத்தைக் குறைக்க வழி கேட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, "கெசுண்ட்?" என்றார். சுகமா என்று அர்த்தம். "ரொம்ப சுகம், நீங்கள்?" என்றேன். அவர் சிரித்தபடி என்னை மிக உயர்ந்த ஃபிராஞ்சீஸில் சேர்த்துவிட்டார். வருடத்துக்குக் குறிப்பிட்ட தொகை வரை வைத்தியச் செலவு நம்முடையது. அதைத் தாண்டினால்தான் காப்பீடு கைகொடுக்கும். அந்தத் தொகை கூடக்கூட பிரீமியம் குறையும். அவர் விசாரித்தது என் உடம்பை. நான் சொன்னது மரியாதைக்கான பதில்.

தூத்துக்குடியில் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். பூசை முடிந்து கோவில் வாசலில் யார் சுகம் கேட்டாலும் நல்லாருக்கோம் என்போம். அப்பா சரக்குத் தோணியில் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியை நடத்திப் போனவர். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போதும் எங்கள் தெரு டாக்டரிடம், சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொல்வார். டாக்டர் அந்தப் பதிலை நம்பியதே இல்லை. "ஒண்ணுமில்லாமலாவே இப்பிடி நடுங்குதீரு?" என்றபடி அப்பாவின் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பார். உப்புக்காற்றில் துருவேறிய சன்னலும், காத்திருப்போர் பெஞ்சில் ஒட்டியிருந்த கருவாட்டு வாடையும் இன்றும் எனக்கு வைத்தியம் என்றால் நினைவுக்கு வருகின்றன.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் வலது விலாவுக்குக் கீழே எனக்கு வலி தொடங்கியது. ஃபிராஞ்சீஸைக் குறைக்கச் சொல்லி உடனே எழுதிப் போட்டேன். ஆனால் மாற்றம் சனவரியில்தான் நடப்புக்கு வரும். அதுவரை டாக்டரிடம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். ஸ்டெல்லா சுக்கையும் உடன்குடிக் கருப்பட்டியையும் தட்டிப்போட்டுக் காய்ச்சித் தந்தாள். ஒருநாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நோவுக்கு என்ன தேதியா தெரியும்? நீங்க இல்லாம இந்த ஊர்ல நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?" என்று கேட்டாள்.

டிசம்பரில், வேலை பார்க்கும் ஓட்டலின் சலவை அறையில் சுருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாள் என்றேன். ஸ்டெல்லா முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மனில், "நைன். ஸ்வை மோனாட்டே," என்று இரண்டு விரலைக் காட்டினாள். இல்லை, இரண்டு மாதம். அன்று மாலையே அறுத்தார்கள். பித்தப்பை சீழ்பிடித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார் டாக்டர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த அக்டோபரில் இருவரும் சேர்ந்தே காப்பீட்டு அலுவலகம் போனோம். அறுவை, மாத்திரை, என் பயம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். எந்த நோய்க்கும் முதலில் குடும்ப மருத்துவரிடமே போவது என்ற திட்டத்துக்கு மாறினால், ஃபிராஞ்சீஸ் தாழ்வாக இருந்தாலும் பிரீமியம் கட்டுக்குள் இருக்கும் என்றார் பெண்மணி. தேவையற்ற கூடுதல் காப்பீடுகளை ஒவ்வொன்றாக நீக்கினோம். ஒன்றை மட்டும் ஸ்டெல்லா விடவில்லை. அது அயல்நாட்டுக்குப் போகும்போது உதவுவது. படிவத்தில் 'ஆவுஸ்லாண்ட்', அதாவது அந்நிய தேசம் என்ற கட்டத்துக்கு நேரே, எங்கே தங்குவோம் என்று கேட்டிருந்தார்கள். தூத்துக்குடி என்று எழுதினேன். பெண்மணி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, விடுமுறைக்குத்தானே என்றார். வீட்டுக்கு என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனாலும் தலையாட்டினேன்.