முதுகுக்குப் பின்னால் ஒரு மைதானம்

“உக்காருங்க சார், உக்காருங்க. பந்து கையை விட்டுப் போகட்டும். அப்புறம் நீங்க எங்க வேணா போங்க.”

சொல்லிக்கொண்டே உக்காரு மாமா உள்ளங்கையைக் காற்றில் மெதுவாகக் கீழே அழுத்துகிறார். ஒரு கையில் டீயும் மறு கையில் பன்னுமாக எழுந்துவிட்ட ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், யாரோ தோளைப் பிடித்து அமுக்கியது போல மறுபடி இருக்கையில் அமிழ்கிறார். மாமாவின் முதுகுக்குப் பின்னால் பந்து வீச்சாளரின் காலடி தொடங்கி, தடதடவென்று விலகிப் போகிறது. மட்டையில் பட்ட சத்தம். கொஞ்சம் கைதட்டல். மாமா திரும்பவில்லை.

செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம்தான் பின்னாளில் இந்தப் புகழ் பெற்ற மைதானம் ஆயிற்று. கிண்ணம் மாதிரி இருக்கும். எல்லைக்கோட்டில் நிற்பவன் தும்மினால் முதல் வரிசையில் கைக்குட்டையைத் தேடுவார்கள். கட்டியவர்கள் எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள், ஒன்றைத் தவிர. பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பந்து வீச்சாளருக்குப் பின்னால் வைக்கும் வெள்ளைத் திரை, கிளப் உறுப்பினர்கள் உட்காரும் மாடத்தின் பக்கம் மட்டும் குட்டையாகப் போய்விட்டது. உயர்த்தினால் தங்களுக்கு ஆட்டம் மறைக்கும் என்று உறுப்பினர்கள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். ஆகவே உயரமான பந்து வீச்சாளர் கையைத் தூக்கினால், கை திரைக்கு மேலே, ஜனங்களின் தலைகளுக்கு நடுவே போய்விடும். அந்தத் தலைகள் அசையக் கூடாது.

வெகு காலம் முன்பு ஒரு நாள் ஒன்று அசைந்தது. வெளியூர் அணியின் தலைவர் ஒரு ரன்னில் சதத்தை எட்ட இருந்தபோது, மாடத்தில் ஒருவர் சாவகாசமாகக் கறுப்புக் குடையை விரித்தார். தலைவர் பந்தையே பார்க்கவில்லை, ஸ்டம்பு சரிந்தது. அடுத்த வாரமே இந்த வேலை உண்டாக்கப்பட்டது. மைதானத்தின் வரலாற்றைப் படம் படமாகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். குடை பிடித்தவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. “எல்லாரும் எங்க தாத்தா இல்லைங்கறாங்க. அப்ப குடை தானா விரிஞ்சுதா?” என்பார் மாமா.

இருக்கைகளின் சாம்பல் நிறத்திலேயே அவருக்குச் சட்டை, தொப்பி. தானே கண்ணில் படக் கூடாதே. இருக்கைகளுக்கு நடுவே இறங்கும் நடைபாதையின் கீழ்க்கோடியில் ஒரு குட்டை ஸ்டூல். ஆட்டத்துக்கு முதுகு, ஜனங்களுக்கு முகம். எதிர் முனையிலிருந்து பந்து வீசும் ஓவரில் திரும்பிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு அவர் வேலை தெரியாது. அப்போதுதான் அவர் நடைபாதையை மறித்துக் கட்டிய கயிற்றை அவிழ்ப்பார். அடக்கி வைத்திருந்தவர்கள், டீ வாங்கப் போனவர்கள், வழி தவறியவர்கள் எல்லாரும் முட்டி மோதுவார்கள். ஓவர் முடிவதற்குள் அத்தனை பேரையும் உட்கார வைத்தாக வேண்டும்.

ஆட்டத்தை அவர் முகங்களில்தான் பார்த்து வந்திருக்கிறார். மைதானத்தின் மிகப் பெரிய வெற்றியைப் பற்றிக் கேட்டால், “மூணாவது வரிசை பல் டாக்டர் அழுதாரு, சார். அவரு அழுது நான் பாத்ததே இல்ல” என்பார். புகழ் பெற்ற ஒரு விக்கெட் அவர் நினைவில் இப்படி: “ஒரு அம்மா கையிலேர்ந்து பன்னு கீழ விழுந்துது. முடிஞ்சுதுன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவருடைய மகள் மட்டையாளர். பெண்கள் அணியில் சேர்ந்து வெளி மைதானங்களில் எல்லாம் ஆடிவிட்டாள். போன மாதம் இந்த மைதானத்தில் முதல் ஆட்டம் வந்தது. மைதானத்தின் மேலாளர் மாமாவைக் கூப்பிட்டார்.

“லீவு எடுத்துட்டு மேல உக்காந்து பாருய்யா. உன் பொண்ணு ஆடறா.”

“இங்க யாரு சார் இருப்பா?”

“செக்யூரிட்டில ஒருத்தன போடறேன்.”

“அவன் மேட்ச் பாப்பான் சார்.”

அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் முடியவில்லை. “பொண்ணு பொறந்தப்பவும் இவரு அங்கதான் யாரையோ உக்கார வச்சிட்டிருந்தாரு,” என்றாள் மனைவி. “பெத்த அப்பன் பாக்கலன்னா அவ மனசு என்ன பாடு படும்?” பார்ப்பதற்குத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே, எவனாவது ஒருவன் எழுந்து நின்றால் அவளுக்குப் பந்து தெரியாது என்பது ஒன்றே மாமாவின் கவலை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று மகள் களமிறங்கினாள். முதல் பந்தே மாமாவின் முனையிலிருந்து. அவர் ஒரு நோட்டம் விட்டார். பல் டாக்டர், வங்கி மேலாளர், எல்லாரும் சிலை. பின்னால் காலடி தொடங்கியது. அந்த நேரம் பார்த்து இரண்டாம் வரிசையில் ஒருத்தி விருட்டென்று எழுந்து, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். மாமாவின் மனைவி.

காலடி நின்றுவிட்டது. நடுவர் கையை நீட்டியிருப்பார். மகள் ஸ்டம்பை விட்டு விலகி, மட்டையை மாடத்துப் பக்கம் நீட்டுகிறாள் என்பது எதிரே இருந்த முகங்களில் தெரிந்தது.

“உக்காருங்கம்மா,” என்றார் மாமா.

“எம் பொண்ண நான் பாக்கக் கூடாதா?”

“உங்க பொண்ணுதான் ஆட முடியாம நிக்கிறா. உங்களாலதான். உக்காருங்க.”

பின் வரிசையில் யாரோ கேட்டார்: “என்ன மாமா, தெரிஞ்சவங்களா?”

“டிக்கெட் வச்சிருக்காங்க. அவ்வளவுதான்.”

மாடம் சிரித்தது. மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். “வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்.”

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் மாமாவுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. மனைவி எல்லாப் பந்துக்கும் ஒரே மாதிரி மூச்சை இழுத்தாள். நாலு ரன்னுக்கும் அதே முகம், தடுத்து ஆடியதற்கும் அதே முகம். சரி, பல் டாக்டரைப் பார்க்கலாம் என்றால் அவர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கி மேலாளரும் மாமாவைத்தான். ஆடுவது யார் என்று விஷயம் பரவி, மாடமே அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

“முன்னாடி பாருங்க சார். ஆட்டம் அங்க நடக்குது,” என்று கெஞ்சினார்.

“உங்களுக்கு ஆசையே இல்லியா மாமா?”

அவர் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து மட்டையில் படும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

வெயில் சாயும் நேரத்தில் எதிரணியின் கூச்சல் ஒரே குரலாய் எழுந்தது. மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாடத்தில் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஆட்டம் நின்றிருக்கும்போது எழுந்தால் மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை.

உடை மாற்றும் அறைக்கு அந்த நடைபாதைதான் வழி. மகள் வியர்வையோடு படியேறி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

“பாத்தீங்களாப்பா?”

“உங்கம்மாவப் பாத்தேன். ஒண்ணும் புரியல.”

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த மட்டையாளர் களத்துக்கு வந்துவிட்டார். மாமாவின் முனை ஓவரில் இன்னும் பந்துகள் பாக்கி. காலடிக்கு முன் வரும் அமைதி மாடத்தில் இறங்கியது.

“இங்கயே உக்காரு,” என்றார்.

மகள் காலில் கட்டிய பேடுகளோடு படியிலேயே உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். சாயும் வெயில் அதன் முன்கம்பிகளில் பட்டு, ஆடுகளத்தின் பக்கம் பளிச்சென்று மின்னியது. மாமா அதை அவள் கையிலிருந்து வாங்கி, தன் சாம்பல் தொப்பியைக் கழற்றி மேலே மூடி, மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.