எட்டு வரிகளில் இரண்டு

அன்று முதலாளியின் கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தோம்: முதலாளி, சூப்பர்வைசர், நான். அப்பா இல்லை. வெளியே, தான் ஓட்டிய மெஷினுக்குப் பக்கத்தில், உடைந்த டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

அடுகோடியிலிருக்கும் அந்தப் பட்டறையில் அப்பா பத்தொன்பது வருஷமாக ஆபரேட்டர். நான் டிப்ளமோ முடித்ததும் அவரே முதலாளியிடம் கேட்டு, அங்கேயே புரோக்ராம் எழுதும் வேலையில் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். எழுத்து தெரியாது.

பட்டறையில், புரோக்ராம் வரிகளைப் படித்துத் தானாக ஓடும் சிஎன்சி மெஷின்கள் இரண்டு. புதியதில், துளை போடும் சுற்றுக்கு புரோக்ராமில் எட்டு வரிகள். ஆறு கட்டாயம், இரண்டு ஆப்ஷனல். ஒரு துளை முடிந்து அடுத்ததற்குப் போகும்போது டிரில் எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும் என்பது அந்த இரண்டில் ஒன்று. பழைய மெஷினுக்கு அந்த வரிகளே தெரியாது. கண்டால் அலாரம் அடித்து நின்றுவிடும். அதனால் பழையதில் ஓட்டும் நாட்களில் இரண்டையும் நீக்கிய பிரதி ஒன்றை வேறு ஃபோல்டரில் அதே பெயரில் சேமித்துவிடுவோம். பெயரை மாற்றினால், எந்த புரோக்ராம் என்று குறித்திருக்கும் ஜாப் கார்டையும் மாற்ற வேண்டுமே என்ற சோம்பல். பழையதில் பாகத்தைப் பக்கவாட்டில் பிடிப்பதால் டிரில்லுக்குக் குறுக்கே எதுவும் வராது. புதியதில் பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

அன்று காலை, வெட்டிக் குறைத்த அந்தப் பிரதியையே நான் புதிய மெஷினில் ஏற்றிவிட்டேன். அது அலாரம் அடிக்கவில்லை. ஆப்ஷனல் வரி இல்லையென்றால் பழைய முறைப்படியே ஓட வேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

அப்பா என் மேஜைக்கே வந்தார்.

"இன்ஜினியரே, தினம் எட்டு வரி காட்டும். இன்னிக்கு ஆறுதான் இருக்கு. பாத்தியா?"

நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது ஆப்ஷனல்பா. இல்லாட்டியும் ஓடும்."

ஓடியது. முதல் துளையை முடித்த டிரில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் எழும்பி, முழு வேகத்தில் பக்கவாட்டில் போய் கிளாம்ப்பில் மோதியது. டிரில்லைச் சுழற்றும் ஸ்பிண்டில் போய்விட்டது.

கண்ணாடி அறையில், பெரிசு ஏதாவது பட்டனைத் தட்டியிருக்கும் என்றார் சூப்பர்வைசர். முதலாளி என்னைப் பார்த்தார். "நீ அனுப்புன புரோக்ராம் சரியாத்தானே இருந்துச்சு?"

என் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு வாரம் இருந்தது.

"சரியாத்தான் சார் இருந்துச்சு."

மத்தியானம் அப்பாவை உள்ளே கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதை வாங்கி, வழக்கம்போல என்னிடம் கொடுத்தார். மின்சாரக் கட்டண ரசீது, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அப்படித்தான் கொடுப்பார். வேலையை விட்டு நிறுத்துவது வரை, நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

"நான் புரோக்ராமை மாத்துனேன்னு எழுதியிருக்கா?"

"ஆமாப்பா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசுவதற்கு அவர் கொடுத்த நேரம் அது. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, கைநாட்டு வைக்க மை எங்கே என்று கேட்டார்.

பதினோரு நாள் கழித்துத்தான் நான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "மெஷின் உடஞ்சது உடஞ்சதுதான். யார் கணக்குல போனா என்னப்பா, ஒரே வீடுதானே" என்றார். அப்பாவை வேண்டுமானால் திரும்பி வரச்சொல் என்றும் சொன்னார். அப்பா போகவில்லை. இப்போது தொம்மலூரில் ஒரு அலுவலகத்து வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். அவருக்கு வரும் கடிதங்களை இப்போது என் தங்கைதான் படித்துச் சொல்கிறாள். பத்தொன்பது வருஷ வேலைக்குக் கணக்கு முடித்துக் கொடுத்த செட்டில்மெண்ட் பணத்தில் ஸ்பிண்டிலுக்கென்று பிடித்துக்கொண்டது, ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம் ரூபாய்.