இரண்டு நாளைக்கு ஐஸ்

ராயபுரத்தில் ரோசியைத் தெரியாதவர்கள் குறைவு. காசிமேட்டு இறால் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஐஸ் அடைப்பவள். துறைமுகத்தில் மூட்டை சரிந்து அப்பா செத்ததும் குடும்பம் அவள் தலையில் விழுந்தது. தம்பி இக்னேஷியஸைப் படிக்க வைத்து லண்டன் வேலைக்கு அனுப்பியது அவள்தான். அதற்குள் கல்யாண வயசு தாண்டிவிட்டது. அதை அவளும் கவனிக்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. "என் தம்பி ஏரோப்ளேன்ல பூட்டான்" என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் திமிர் வரும். வரட்டுமே, பாடுபட்டுச் சம்பாதித்த திமிர்தானே.

எழுபத்திரண்டாம் வருஷம் அம்மா அடைக்கலமேரி கண்ணை மூடினாள். லண்டனுக்குத் தந்தி போனது. ஐஸ் கம்பெனி மேஸ்திரி தவசிமுத்து தாமே வந்து நின்றார்.

"ரெண்டு நாளைக்கு ஐஸ் நான் அனுப்பறேம்மா. தம்பி வந்து அம்மா மூஞ்சியப் பாக்கட்டும்."

மறுநாள் சர்ச் சாமியார் பங்களாவுக்கு டிரங்க் கால் வந்தது. ரோசி ஓடினாள். மறுமுனையில் தம்பி அழுதான்.

"அஞ்சாயிரம் மைலுக்கு மேல கீதுக்கா. பிளேன் ஊர் ஊரா எறங்கி எண்ணெ போட்டுகினு வரும். நாலு நாள் ஆவும். வெச்சிகினு இருக்காத, எடுத்துடு."

எண்ணூர் போகிற பஸ்ஸே ஒரு மணி நேரம் உருட்டும்போது, அத்தனை மைலுக்கு நாலு நாள் என்பது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை அவளே போட்டாள். "பெத்த புள்ள வரலியா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் தம்பிக்காகச் சண்டைக்குப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து இக்னேஷியஸ் வந்து இறங்கினான். சாந்தோமில் பெண் பேசியாகிவிட்டது. மறுநாள் நிச்சயம், அம்மா ஸ்தானத்தில் அக்கா வந்து நிற்க வேண்டும். ரோசி வாய் கொள்ளாச் சிரிப்போடு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். அவன் தின்றுகொண்டே பீற்றிக்கொண்டான்.

"நேத்து மத்தியானம் லண்டன்ல சாப்ட்டேன். பம்பாயில பிளேன் மாறி, இன்னிக்கு உன் கையால துன்றேன்."

"இப்ப புது பிளேன் வுட்டுக்கீறாங்களா?"

"எது புதுசு? நான் போன காலத்துலேந்து இதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ரோசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு இன்னாடா சொன்ன?"

"அப்ப வேலை புதுசுக்கா. லீவு கேட்டா பூடுமோன்னு பயம். அம்மாவே பூட்டாங்க, நான் வந்து இன்னா பண்ணப் போறேன்னு..."

"அம்மாவுக்கு இல்லடா. எனக்கு வந்துருக்கணும்."

அம்மா செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. ஊர் முழுக்க இவனுக்காக வாதாடியதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை டாக்ஸி வாசலில் நின்றது. ரோசி வேலைக்குக் கட்டும் பழைய சேலையோடு வெளியே வந்தாள்.

"பொண்ணு வூட்ல உன்ன எங்கன்னு கேப்பாங்களேக்கா," என்று அவன் கெஞ்சினான்.

"அம்மாவ நான் தனியாத்தான் பொதைச்சேன். நீயும் தனியாவே போய் மோதிரம் மாத்திக்கோ," என்று சொல்லிவிட்டு அவள் காசிமேட்டுப் பக்கம் நடந்தாள்.