ஜெயபால் அண்ணனும் என் தம்பி பாட்டும்

பாடகர் ஜெயபால் அண்ணன் முந்தாநாள் போயிட்டார். ஹார்ட் அட்டாக்காம். நேத்து மரக்காணத்துல எடுத்துட்டாங்க... நான் போகல.

காலையிலேர்ந்து எல்லாரும் அவர் போட்டோ போட்டு "தங்கமான மனுஷன்"னு எழுதறீங்க. எழுதுங்க. "இப்ப போய் இதைச் சொல்லணுமா"ன்னு மட்டும் என் கமெண்ட்ல வந்து கேக்காதீங்க. வேற எப்ப சொல்றது?

2004ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாத்தேன். அவர் இன்னிசைக் குழு வச்சிருந்தார், சினிமாப் பாட்டு நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வருவார். வீணாப்போன பேப்பர் பின்னாடி நான் எழுதி வச்சிருந்த பாட்டை ஒரு நாள் எடுத்துப் படிச்சார். "ஏம்மா, இதை வச்சிக்கினா சும்மா உக்காந்திருந்த?"ன்னார்.

அப்புறம் திருவிழா, கல்யாண ரிசப்ஷன்... எங்க கச்சேரி நடந்தாலும் நடுவுல என் பாட்டு ஒண்ணு வரும். நான் கூட்டத்துக்குப் பின்னாடி நின்னு கேப்பேன்.

எழுதினது யாருன்னு மைக்ல ஒரு நாளும் சொன்னதில்ல. சத்தியமா அதுக்கு நான் கோவப்படல. அந்தக் குரல்ல நம்ம வார்த்தை வருதே! அதுவே போதும்னு இருந்தேன்... லூசு.

அந்த டிசம்பர்ல சுனாமி. என் தம்பி சேகர் உப்பு லாரி டிரைவர். மழைக்காலம், உப்பளத்துல வேலை இல்ல. ஞாயித்துக்கிழமை, மீன் வாங்கினு வர்றேன்னு கடற்கரைக்குப் போனான். அவ்ளோதான்.

ரெண்டு மாசம் கழிச்சு அவனுக்காக ஒரு பாட்டு எழுதினேன். "வண்டி நிக்குது, சாவி தொங்குது, எங்க சேகரு வர்லியே"... இதான் பல்லவி. ஜெயபால் அண்ணன் கடையிலேயே நின்னு மெட்டு போட்டு, கண்ணைத் துடைச்சிக்கினே பாடினார். நானும் அழுதேன்.

முதல்ல எக்கியார்குப்பத்துல பாடினார். போய் நிக்கிறேன்... "எங்க குமாரு வர்லியே"ன்னு வருது! அந்த ஊர்ல செத்துப்போன பையன் பேரை முன்னாடியே விசாரிச்சு வச்சிக்கினு, சேகரை எடுத்துட்டு அவனைப் போட்டுட்டார். ஜனம் ஓன்னு அழுவுது, ஒன்ஸ்மோர் கேக்குது.

பொம்மையார்பாளையத்துல "எங்க தேவி வர்லியே". அந்தத் தேவிக்கு ஏழு வயசாம். ஏழு வயசுப் பொண்ணுக்கு எதுக்குங்க லாரி சாவி?

கேட்டேன். "அவங்க வீட்டு சாவுக்கும் யாராவது பாடணும்ல தங்கச்சி"ன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இன்னைக்கும் தெரியல, அதான் இன்னும் எரியுது.

ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க, சாயங்காலம் அவர் கச்சேரி. நம்ம ஊர்லயாவது சேகர்னு வரும்னு நம்பிட்டேன். "தம்பிக்கு எழுதின பாட்டும்மா, வா"ன்னு அம்மாவைக் கூட்டினு போய் முன்னாடி சேர்ல உக்கார வச்சேன்.

"எங்க தேவி வர்லியே"ன்னு பாடினார். மாத்த மறந்துட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பாத்து, "யாருடி தேவி?"ன்னாங்க.

மேடைக்குப் பின்னாடி போனேன். சோடா குடிச்சிக்கினு இருந்தார். "அய்யய்யோ, பேரு மாறிடுச்சாம்மா? இருந்தாலும் ஜனம் அழுதுது, பாத்தியா?"ன்னார்.

வீட்டுக்கு வந்து, நானே பாடிக் காட்டறேம்மான்னேன். "வேணாண்டி, விடு"ன்னு படுத்துட்டாங்க. அம்மாவும் இப்ப இல்ல. அவங்க காதுல சேகர் பேரோட அந்தப் பாட்டு விழவே இல்ல.

அதுக்கப்புறம் நான் ஒரு வரி எழுதல. அவர் அடுத்த வருஷமும் அதையேதான் பாடிக்கினு இருந்தார், ஊருக்கு ஒரு பேரா.

நேத்து காலையில அவர் பையன் போன் பண்ணான். "அக்கா, அப்பாவை எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து அந்த வண்டிப் பாட்டைப் பாடலாம்னு இருக்கோம். அப்பா பேரைப் போட்டுக்கறோம், சரியா?"

சாவு வீடுன்னு தெரியும். ஆனாலும் மனசு வரல. "பாடறதா இருந்தா சேகர்னு பாடுங்கப்பா. இல்லன்னா வேற பாட்டு பாடுங்க"ன்னுட்டேன்.

வேற பாட்டுதான் பாடினாங்களாம்.

போயிட்டு வாங்கண்ணா. குரல் நல்ல குரல்... அதை நான் இல்லன்னு சொல்லல.