பூசையில் வைத்த பிளக் ஸ்பேனர்

என் மோட்டார் வழியில் நின்றால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான். இந்தச் சின்ன விஷயத்தை எங்கள் வீட்டில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மோட்டார் என்றால் காப்சாய். மலேசியாவில், எங்கள் ஜொகூரில் வாசலுக்கு ஒன்று நிற்குமே, அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள். கணவரைப் பிரிந்து கெலாங் பாத்தாவில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் பழைய காப்சாய் ஒன்றை வாங்கினேன். அண்ணன் வீட்டில் நான் படுக்கும் அறை அவருடையது. டிவியில் என்ன ஓட வேண்டும் என்பதும் அவர் இஷ்டம். அடுப்படி அண்ணியின் ராஜ்ஜியம். மோட்டார் ஒன்றுதான் என்னுடையது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகும் செகண்ட் லிங்க் பாலத்தில் ஏறிவிட்டால் எங்கே போகிறாய், ஏன் லேட் என்று கேட்க ஆளில்லை. கடல் காற்று மூஞ்சியில் அறையும். அந்தச் சுகத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆனால் வாங்கிய கொஞ்ச நாளிலேயே அது இரண்டு முறை நடுவழியில் நின்றது. இரண்டு முறையும் அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். அண்ணன் வீடு வீடாகப் போய் ஏர்கோன், அதாவது ஏசி, மாட்டுகிறவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது முறை சாலையோரத்திலேயே என்னைப் பிலுபிலுவெனப் பிடித்துக்கொண்டார்.

"பொம்பள ஹைவேயில நிக்கிறது நல்லாவா இருக்கு? மோட்டார வித்துட்டு பழையபடி ஃபேக்டரி வேன்ல போ. இல்லாட்டி இங்கயே ஒரு வேல பாரு."

ஃபேக்டரி வேன் எனக்குத் தெரியும். அது ஊர் முழுக்கச் சுற்றி ஆள் ஏற்றும். ஒருத்தர் தாமதித்தால் எல்லோரும் தாமதம், திரும்பும்போது என்னைத்தான் கடைசியில் இறக்கிவிடும். "இன்னொரு தடவ உங்கள கூப்பிட்டேன்னா வித்துடுறேன்ணே" என்றேன், கோபத்தில். வேனில் உட்கார்ந்திருந்த அண்ணி அதற்குச் சாட்சி. அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மறுவாரமே, மோட்டாரை விலைக்குக் கேட்டு ஒருத்தர் இருக்கிறார் என்றார்.

மோட்டார் பட்டறைக்காரத் தம்பி பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக் போய்விட்டது என்றான். நான் தேநீரை ஆற்றிக் குடிப்பதற்குள் கழற்றிப் புதிதை மாட்டிவிட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. இதற்காகவா ரோட்டோரத்தில் நின்று திட்டு வாங்கினேன்? எந்த ஸ்பேனரால் கழற்றினாய் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா? நின்னா போன் போடுங்க லா" என்றான். நான் வாழ்நாள் முழுக்க யாருக்காவது போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஊரே சேர்ந்து முடிவெடுத்திருப்பது போல இருந்தது.

சாமான் வாங்கக் கிளம்பினேன். முதலில் நன்றாக ஏமாந்தேன். பேரங்காடியில் ஒரு சிவப்புப் பெட்டி. திறந்தால் நகைக்கடை மாதிரி சாக்கெட்டுகள் மின்னின. மயங்கிப்போய் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே இருந்த பிளக் சாக்கெட் காருக்கு ஆனது. அளவென்னவோ என் மோட்டாருக்கும் அதே பதினாறு மில்லிமீட்டர்தான், பிளக்கின் தலையில் போய் உட்காரவும் செய்தது. ஆனால் அந்த நீளச் சாக்கெட்டுக்குப் பின்னால் ராட்செட் கைப்பிடியையும் சொருகினால் முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியில் இடித்துக்கொண்டு நின்றது. திருப்ப இடமில்லை. அண்ணன் அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காட்டு, நான் பாக்குறேன்" என்று வேறு கை நீட்டினார். பெட்டியை மூடி என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

அடுத்து ஹார்ட்வேர் கடை. கடை முதலாளியான தவுக்கே, "புருஷன் மோட்டாரா?" என்று மலாயில் கேட்டார். என்னுடையது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு குழாய் ஸ்பேனரை மேசைமேல் போட்டார். இரண்டு பக்கமும் வாய், நடுவில் கம்பி சொருக ஓட்டை. மோட்டாருக்கு ஏற்ற குட்டையான சாமான். ஆனால் தகடு மெலிசு. இரண்டு தடவை பலமாகத் திருப்பினால் வாய் அகன்றுவிடும், அப்புறம் பிளக்கின் மூலைகளை மழித்துவிட்டுத்தான் ஓயும். கெட்டியான தகட்டில் வேண்டும் என்றேன். புதுப் பிளக் ஒன்றையும் கேட்டு வாங்கி, அவர் எடுத்துப்போட்ட ஒவ்வொரு ஸ்பேனரிலும் அதைச் செருகி, மேசையை ஒட்டினாற்போலத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். வாய்க்குள் இருக்கும் ரப்பர் பிளக்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கழற்றும்போது பிளக் கீழே விழும், வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும், விரிசல் விட்ட பிளக்கைக் குப்பையில்தான் போட வேண்டும். தவுக்கேயின் மேசையில் பிளக் டொக்கு டொக்கென்று விழுந்தது. பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். விடட்டும். விழாமல் நின்ற ஸ்பேனரைத்தான் வாங்கினேன்.

அதோடு பிளக்கின் நுனி இடைவெளியைப் பார்க்க, விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள். மரையைத் துடைக்க ஒரு கம்பி பிரஷ். போனில் வீடியோ போடும் ஆண்கள் எல்லாரும் முடுக்கும் பலத்தை அளக்கும் டோர்க் ரெஞ்ச் இல்லாமல் பிளக்கைத் தொடாதே என்று மிரட்டுகிறார்கள். கையில் காசிருந்தால் வாங்குங்கள், நல்ல சாமான்தான். நான் வாங்கவில்லை. தொழிற்சாலையில் என் வேலையே திருகாணி முடுக்குவது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். சிங்கப்பூர்க்காரன் அந்தக் கையை நம்பிச் சம்பளம் கொடுக்கிறான், எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அது பொம்பளைக் கையாகிவிடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன் போர்ச்சில் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. பட்டறையில் போட்ட பிளக்கைக் கழற்றி, நான் வாங்கிய புதிதை மாட்டிப் பழகுவதாக ஏற்பாடு. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கென்ன மரை கழண்டுடுச்சா? கோணலா ஏத்தினா இஞ்சின் ஹெட்டே போயிடும். அப்புறம் அழக்கூடாது."

கோணலாக ஏற்றினால் ஹெட் போகும் என்பது உண்மைதான். அதனால்தான் ஸ்பேனரை ஓரமாக வைத்துவிட்டு, பிளக்கின் தலையில் சின்ன ரப்பர் குழாய்த் துண்டைச் சொருகி விரலாலேயே திருப்பினேன். மரை சரியாகப் பிடித்தால் விரலுக்கே வழிவிடும். பிடிக்காவிட்டால் குழாய் வழுக்கும், சேதம் ஒன்றுமில்லை. பிளக்கின் அடியிலுள்ள வளையம் போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே முடுக்கினேன். முதல் அழுத்தலில் மோட்டார் பிடித்துக்கொண்டது. அண்ணன் நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு நான் போன் போடவில்லை. ஆயுத பூசை வந்தது.

சாமி மேடைக்கு முன்னால் வாழையிலை விரித்து அண்ணன் தன் டிரில், ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் அடுக்கினார். அண்ணி கத்திரிக்கோலையும் கத்தியையும் வைத்தார். நான் என் பிளக் ஸ்பேனரையும் தகடுகளையும் பிரஷையும் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். "நீ ஏதாச்சும் கரண்டி கிரண்டி வையேன்" என்றார் அண்ணன். கேட்காத மாதிரி, ஸ்பேனருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டேன். சூடம் காட்டியாயிற்று. இனி மறுநாள் காலையில் மறுபடி விளக்கேற்றிக் கும்பிடும் வரை எந்தச் சாமானையும் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

அடுத்தது வண்டிகளுக்கு. அண்ணனின் வேன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று வெளியே போய் நின்றது. எனக்கு மதிய ஷிப்ட். சிங்கப்பூரில் ஆயுத பூசைக்கு யார் லீவு தருகிறார்கள்? யூனிபார்ம் போட்டுக்கொண்டே வந்து மோட்டாரில் உட்கார்ந்தேன். ஹேண்டில் நிறைய பூமாலை, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. உதைத்தேன். இருமிவிட்டு அடங்கிவிட்டது.

"காலையிலதான உன் மோட்டாரையும் சேத்து சூப்பரா கழுவி வச்சேன்!" என்றார் அண்ணன்.

"எதால கழுவுனீங்க?"

"ஏர்கோன் கழுவுற பம்ப்பாலதான்."

போச்சு. ஏர்கோன் அழுக்கையே பிய்த்துக்கொண்டு வரும் தண்ணீர் அது. பிளக்கின் மேல் மாட்டும் தொப்பிக்குள் போயிருக்காதா? அன்பாகத்தான் செய்தார். அதனால்தான் என்னால் கத்தவும் முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் "அலமாக்!" என்று பரிதாபப்பட்டது கேட்டது.

"இன்னொரு தடவ நின்னா வித்துடுறேன்னு சொன்ன இல்ல?" என்றார் அண்ணன்.

"நின்னான்னு சொல்லலண்ணே. உங்கள கூப்பிட்டேன்னான்னு சொன்னேன். நான் கூப்பிட்டேனா?"

வேன் சாவியை எடுத்துக் காட்டினார். "சரி, ஏறு. நேரமாவுது. நானே கொண்டுபோய் விடுறேன்."

ஏறியிருக்கலாம். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஏறினால், மோட்டார் கேட்டவர் மறுநாள் வாசலில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சாமி மேடையைப் பார்த்துக் கும்பிட்டேன். இலையிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்தேன்.

"ஏய், பூச பண்ண சாமான தொடாத! சாமி குத்தமாயிடும்!"

"வேலைக்குப் போறதுக்குத்தான் இத சாமிகிட்ட வச்சேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

பயம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அந்த வீட்டில் அப்படி யாரும் பேசியதில்லை. இருந்தாலும் போர்ச்சில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். தொப்பியைப் பிடுங்கினால் தண்ணீர் சொட்டியது. பிளக்கைச் சுற்றியும் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்படியே கழற்றினால் எல்லாம் இஞ்சினுக்குள் இறங்கிவிடும். துணியை முறுக்கி உள்ளே விட்டு ஒற்றி எடுத்த பிறகுதான் ஸ்பேனரைப் போட்டேன். சந்தனம் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

அண்ணி உள்ளே போய் வயரோடு தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"இத பூசையில வைக்கல" என்றார், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

தொப்பிக்குள் சூடான காற்றைப் பிடித்தேன். பிளக்கைத் துடைத்து, விரலால் ஏற்றி, முடுக்கி, தொப்பியை அழுத்தி மாட்டினேன். ஸ்டார்ட்டரை அழுத்தினால் இழுத்தது, இழுத்தது, மறுபடி அழுத்தினேன். பிடித்துக்கொண்டது. அண்ணி சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்பேனரைத் துடைத்து சீட்டுக்கடியில் போட்டு மூடினேன். அண்ணன் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வாசலை மறித்த மாதிரி நின்றார். கோபம் போயிருந்தது. குரல் இறங்கியிருந்தது.

"இங்க சரி. பாலத்து நடுவுல நின்னுட்டா? அங்க உனக்கு யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேன்ணே" என்று சொல்லிவிட்டு முதல் கியரைத் தட்டினேன்.