ஏகாதசியன்று வராத வலி

என் மனைவிக்கு வந்த வயிற்றுவலிக்கு ஒரு வழக்கம் இருந்தது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வரும், சுருட்டிப் பிடிக்கும், தானாகவே போய்விடும். ஏகாதசியன்று மட்டும் எட்டிப் பார்க்காது. அன்று அவள் துளசித் தீர்த்தம் தவிர எதையும் தொடமாட்டாள். ஸ்ரீரங்கத்தில் இதைக் கேட்டவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. பெருமாள் கடாட்சம் என்றார்கள். நாங்களும் அப்படியே நம்பி, வலி வந்தால் மறுநாளையும் உபவாசமாக்கிக்கொண்டோம். வலி அடங்கியது. அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒரு மாலை கூப்பிட்டாள். "ஏன்னா, இங்க கையை வச்சுப் பாருங்கோ. இப்ப இருக்கு."

தொப்புளுக்கு வலப்புறம், தோலுக்கு அடியில், வாழைக்காய்போல ஒன்று படுத்திருந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே அது மெல்ல இறுகியது, நகர்ந்தது. பிறகு இல்லை. விரல்களால் தேடினேன். வெறும் வயிறு.

"போயிடுத்து," என்றாள். "யாரோ வந்து பார்த்துட்டுப் போறாப்ல இருக்கு."

அடுத்த ஏகாதசிக்கு மறுநாள், துவாதசி காலை, அகத்திக்கீரையோடு பாரணை செய்து உபவாசத்தை முடித்து எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இம்முறை வலி போகவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தாள். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ஆட்டோ காவிரிப் பாலத்தில் போகும்போது, பட்டினி கிடந்தால் சரியாகிவிடும், திரும்பிவிடலாம் என்று முனகினாள்.

திருச்சியில் ஸ்கேன் பார்த்த சர்ஜன், தன் சட்டைக் கையை உள்ளுக்குள் செருகிக் காட்டினார். குடல் அப்படித் தன்னுள்ளேயே நுழைந்து அடைத்துக்கொண்டிருக்கிறதாம். குழந்தைகளுக்கு வருவதுண்டு, பெரியவர்களுக்கு அபூர்வம், வந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு கட்டி இருக்கும் என்றார். பட்டினியில் குடல் சும்மா இருக்கும், வலிக்காதாம். கட்டியும் அங்கேயேதான் இருக்கும்.

ஆபரேஷன் முடிந்து, தியேட்டர் கதவருகே என்னை அழைத்து ஒரு ட்ரேயைக் காட்டினார். வெட்டியெடுத்த குடலுக்குள் மஞ்சளாக, வழவழவென்று, எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று இருந்தது. கேன்சரா என்று கேட்டேன்.

"வெறும் கொழுப்புக் கட்டி மாதிரிதாங்க தெரியுது. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது. சாப்பாடுன்னு நெனச்சுக் குடல்தான் அதப் பிடிச்சு இழுத்திருக்கு. தன்னையே முழுங்கியிருக்கு."

டெஸ்ட் முடிவும் பின்னர் அதையே சொன்னது. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வயிறு மௌனமாகிவிட்டது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். குடல் அசைய வேண்டும், காற்றுப் பிரிய வேண்டும், அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நானும் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாருமில்லாத வீடு போலிருந்தது.

ஒரு மதியம், நர்ஸ் விரிப்பை மாற்றும்போது நீளமாக ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதுக்குத்தாம்மா எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்," என்று நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

நான் அவளுடைய தண்ணீர் டம்ளரைக் கழுவி வைத்தேன்.