பதில் வராத பத்தொன்பது காலைகள்

1. ஆடிக் கிருத்திகை

ஓய்வு பெறுவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் திருத்தணியில் என் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தேன். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்குக் கணினிச் சேவை தரும் ஒரு சென்னை நிறுவனம். எங்கெங்கோ இருக்கும் நாற்பது சர்வர்களுக்குள் எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைவழியில் நுழைந்து, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, நேற்றைய பேக்கப் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அரைநாள் போய்விடும். அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அது எல்லாவற்றிலும் நுழைந்து கட்டளைகளை ஓட்டும். குறை கண்டால் மட்டும் ஒரு வரி எழுதும். வரி ஒன்றும் இல்லையென்றால், காலை ஒன்பது மணிக்கு ‘ஆல் ஓகே’ என்று எல்லோருக்கும் மெயில் போகும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மலையடிவாரத்தில் நிறைந்துவிட்டால் எங்கள் ஊர் செல்போன் டவர் திணறும். என் இணைய இணைப்பும் அந்த டவரை நம்பித்தான். ஓர் ஆண்டு இணைப்பு விட்டு விட்டு வந்ததில், ‘நுழைய முடியவில்லை’ என்று சர்வருக்கு ஒன்றாக நாற்பது அலர்ட் மேனேஜருக்குப் போய்விட்டன.

“என்ன சார், உங்க ஊரு முருகனுக்குக் காவடி, எனக்கு நாப்பது அலர்ட்டா? கிளையன்ட் பாத்தா சிரிப்பான். ஏதாவது பண்ணுங்க” என்றார்.

ஸ்கிரிப்டில் ஒரு சிறு துண்டைச் சேர்த்தேன். சர்வருக்குள் நுழைய முடியாதபோது வரும் எந்தப் பிழைச் செய்தியையும் வெளியே காட்டாமல் குப்பையில் போடும் துண்டு அது. தெப்பம் முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தெப்பம் முடிந்தது, கூட்டம் கலைந்தது. நான் எடுக்கவில்லை.

2. தேவகி

பேக்கப் வேலையைப் பார்த்தவள் தேவகி. அம்மையார்குப்பத்து நெசவாளி மகள். அவர்கள் வீட்டில் கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள். சென்னை அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் ஒரே ரயிலில் போவோம்.

“நீங்க தூங்கிகினு இருந்தாலும் உங்க ஸ்கிரிப்ட் முழிச்சிகினு இருக்குது சார். உங்க மெயிலைப் பாத்துட்டுதான் நான் டீயே குடிக்கிறேன்” என்று கிண்டல் செய்வாள்.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், முக்கியமான சர்வர் ஒன்றின் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் சர்வரைத் திறந்தார்கள். கடைசிப் பத்தொன்பது நாள் கோப்புகள் அதில் இல்லை. எத்தனையோ நோயாளிகளின் முடிவுகள் போய்விட்டன. அவர்கள் மறுபடியும் ஊசிக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று.

மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். “இன்னிக்கு ஒன்பது மணிக்குக்கூட சார் ஓகேன்னு மெயில் போட்டிருக்காரு. அப்போ ஃபைல் இருந்திருக்கு. பத்து மணிக்கு உள்ள போனது யாரு?”

“நான்தான் சார். மாசாமாசம் பழசை அழிக்கணும் இல்ல? அதைத்தான் அழிச்சேன்.”

“பழசோட புதுசும் சேர்ந்து போயிருக்கும்மா.”

தேவகி என் பக்கம் திரும்பினாள். “நீங்க லாக் பாருங்க சார். நீங்க சொன்னா நம்புவாங்க.”

பார்த்தேன். சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைப் படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்தொன்பது நாளுக்கு முன் பாதுகாப்புக்காகப் பேக்கப் சர்வரின் கீயை, அதாவது உள்ளே நுழைவதற்கான டிஜிட்டல் சாவியை, மாற்றி ஆட்களுக்குப் புதியது தந்திருந்தார்கள். கோப்புகளைத் தானாகக் கொண்டு சேர்க்கும் நிரலும் என் ஸ்கிரிப்டும் பழைய கீயைத்தான் வைத்திருந்தன. இரண்டையும் அது உள்ளே விடவில்லை. கோப்புகள் அங்கே போய்ச் சேரவே இல்லை; பிறகு எதை அழிப்பது? தினமும் காலையில் ‘அனுமதி இல்லை’ என்று சர்வர் சொல்லியிருந்தது. நான் சேர்த்த துண்டு அதைக் குப்பையில் போட்டது. வரி இல்லாததால் ‘ஆல் ஓகே’ போனது.

“லாக்ல ஒண்ணும் தெளிவா இல்ல சார்” என்றேன்.

எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. காரணம் அவ்வளவுதான். தேடிப் பார்த்தும் இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலையே அந்தத் துண்டை எடுத்துவிட்டேன், யாருக்கும் சொல்லாமல். அந்த வாரமே தேவகியை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக்குறைவால் கிளையன்ட் கோப்புகளை அழித்தவர் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. எனக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள்.

3. ஆர்.கே.பேட்டை

இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவளிடம் போனேன். ஆர்.கே.பேட்டையில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடை வைத்திருந்தாள். எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை.

“ஆதார்ல இருக்கிற பேரையே சொல்லு பெரியவரே, ஊர்ல கூப்பிடுற பேரு வேணாம்” என்றாள் அவரிடம். பிரின்ட் எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? நான் அழிக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.”

“யாருகிட்டம்மா?”

“எங்க நைனாகிட்ட. ‘இழை அறுந்தா அறுந்துச்சுன்னு ஒத்துக்கினு முடிச்சு போடுறோம் இல்ல, நீயும் ஒத்துக்கோ கண்ணு’ன்னு சாகுற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு. போன தையில போயிட்டாரு.”

அடுத்த ஆள் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த நிறுவனத்தை இப்போது வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பழைய மேனேஜருக்கு முழுவதும் எழுதி அனுப்பினேன். “விடுங்க சார், பழைய கதை” என்று பதில் வந்தது. எனவே இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், உள்ளே போக முடியாத சர்வரைக் கெட்டுப்போனதாகவே எண்ணுங்கள். பதில் வராததை நல்ல செய்தியாக யாருக்கும் எழுதாதீர்கள்.

தேவகி எதையும் தவறாக அழிக்கவில்லை. லாக் தெளிவாகத்தான் இருந்தது.